‘இல்லை’ என்று சொல்லாத கடை

போன மாதம் எங்கள் வீட்டு மிக்ஸியின் கப்ளர் போய்விட்டது. ஜாரைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு கறுப்புத் துண்டு இருக்குமே, பல் பல்லாக, மோட்டாரோடு பொருந்திச் சுற்றுவது, அதுதான். காலையில் தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது கடகடவென்று சத்தம் வந்தது. பிறகு மோட்டார் மட்டும் சுற்றியது, பிளேடு நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் இரண்டு பல் மொத்தமாகத் தேய்ந்து மழுங்கியிருந்தது. மிக்ஸிக்குப் பதினாறு வயது. மோட்டார் இன்னும் கல்லு மாதிரி ஓடுகிறது. ஒரு சின்னத் துண்டுக்காக அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

மிக்ஸியைக் கவிழ்த்து, அடித்தகட்டில் இருந்த மாடல் எண்ணைத் துணியால் துடைத்துப் படித்தேன். ஒரு பெரிய இணையக் கடையின் செயலியைத் திறந்து கம்பெனி பெயர், மாடல் எண், கப்ளர் என்று மூன்றையும் அடித்தேன். முதலில் வந்த நான்கும் புது மிக்ஸிகள். ஒவ்வொன்றின் மூலையிலும் வெளிறிய சாம்பல் நிறத்தில், கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவில், ‘விளம்பரம்’ என்று இருந்தது. ஐந்தாவது, வேறு கம்பெனி ஜார். ஆறாவது ஒரு கப்ளர்தான், ஆனால் வேறு கம்பெனியுடையது. அதற்குக் கீழே மாவு வழிக்கும் சிலிகான் கரண்டி.

மாடல் எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டேன். அதே பட்டியல். கம்பெனி பெயரை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் கொடுத்தேன். அந்த எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்த புது மிக்ஸி வந்தது. மிக்ஸி வேண்டாம் என்பதற்காகக் கழித்தல் குறி போட்டுப் பார்த்தேன். மிக்ஸிகள் இன்னும் கூடின. ஆறு பக்கம் தள்ளிய பிறகு, ‘இந்த மாடலுக்குப் பொருந்தும்’ என்று போட்டிருந்த ஒன்றை வாங்கினேன். மூன்று நாளில் வந்தது. பிரித்துப் பார்த்தால் எட்டுப் பல். என்னுடையதற்கு ஆறு.

அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, உடைந்த துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டவுன்ஹால் பக்கம் போனேன். கோயம்புத்தூரில் மிக்ஸி, கிரைண்டர் உதிரிப் பாகத்துக்குக் குறைவில்லை. கிரைண்டர் பிறந்த ஊர் இது. சந்துக்குள் பத்தடி அகலத்தில் ஒரு கடை. பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மாடல் எண்ணைச் சொன்னேன்.

“பழசக் கொண்டாந்தீங்களா?” என்றார்.

கொடுத்தேன். அதை வெளிச்சத்துப் பக்கம் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணினார். “ஆறு. நடு ஓட்டை சதுரம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பின்னால் இருந்த டப்பாக்களில் இரண்டைத் திறந்து பார்த்துவிட்டு, “இது நம்மகிட்ட இல்லீங்க. கம்பெனிக்காரங்க இந்த உருப்படிய நிறுத்திட்டாங்க. எட்டுப் பல்லு இருக்குது, கொஞ்சம் சீவி மாட்டினா ஒக்காரும். ஆனா போடாதீங்க, மோட்டார் பக்கத்துப் பல்லையும் தின்னுரும். பின்னாடி சந்துல மூணாவது கடையில கேட்டுப் பாருங்க, அவங்க பழைய சரக்கு வச்சிருப்பாங்க” என்றார்.

மூன்றாவது கடையில் இருந்தது. நாற்பத்தைந்து ரூபாய்.

அந்தப் பெரியவர் எனக்கு எதையும் விற்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் சொன்ன ‘இல்லீங்க’ என்ற சொல்லே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நாள் ஆயிற்று, ஒரு தேடல் பெட்டி என்னிடம் ‘இல்லை’ என்று சொல்லி! நான் கேட்டதை அவர் கேட்டபடியே எடுத்துக்கொண்டார். புரியாததைத் திருப்பிக் கேட்டார். இருக்கிறதா என்று தேடினார். இல்லை என்றதும் இல்லை என்றார். எட்டுப் பல்லை என் தலையில் கட்டியிருக்கலாம், கட்டவில்லை.

இணையத்தில் தேடத் தொடங்கிய காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது தேடுபொறி என்பது, புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்குமே சொல்லடைவு, அதைப் போன்றதுதான். எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு பெரிய பட்டியல். நீங்கள் ஒரு சொல் கொடுத்தால், அது இருக்கிற பக்கங்களைத் தரும். அப்படி ஒரு பக்கம் இல்லையென்றால் வெறுங்கையை விரிக்கும். 1995-இல் வந்த ஆல்டாவிஸ்டா என்ற தேடுபொறியில் ஒரு சொல்லுக்கு முன்னால் கூட்டல் குறி போட்டால் அது கட்டாயம் இருக்க வேண்டும், கழித்தல் குறி போட்டால் இருக்கவே கூடாது. அவ்வளவுதான் இலக்கணம். பள்ளிக்கூடப் பிள்ளைகூட ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்டவன் சொன்னால் இயந்திரம் கேட்டது.

கூகுளிலும் கூட்டல் குறி வெகுகாலம் இருந்தது. 2011 ஜூனில் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளத்தைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில், தேடலில் கூட்டல் குறிக்கு இருந்த பொருளை எடுத்துவிட்டார்கள். இனி மேற்கோள் குறியைப் பயன்படுத்துங்கள் என்றார்கள். பழகியவர்கள் சத்தம் போட்டார்கள். அடுத்த மாதமே, அடித்த சொல்லை அடித்தபடி தேடுவதற்கு என்று ஒரு தனித் தேர்வைச் சேர்த்தார்கள், அது கருவிகள் என்ற பட்டியலுக்குள் இரண்டு சொடுக்கு தள்ளி இருந்தது. யோசித்துப் பாருங்கள். நான் சொன்னதைச் சொன்னபடி கேட்பது என்பது வழக்கமான நடைமுறையாக இருந்தது. அது ஒரே வருடத்தில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய சலுகையாக மாறியது. கூகுள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டது. கூட்டல் குறி பழையபடி திரும்பி வரவில்லை.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சொல்லுக்குச் சொல் பொருத்துவது மட்டும் போதாது. நம் மொழிக்கு அது சுத்தமாகப் போதாது. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’, ‘மரத்தை’, ‘மரங்கள்’ எல்லாம் வர வேண்டாமா? எழுத்தை எழுத்தோடு பொருத்தினால் ‘மரம்’ என்பது ‘மரத்தில்’ என்ற சொல்லுக்குள் இல்லவே இல்லை. வேற்றுமை உருபு ஏறினால் சொல்லின் வாலே மாறிவிடுகிற மொழி இது. கத்தரிக்காய் என்று எழுதுகிறவர் உண்டு, கத்திரிக்காய் என்று எழுதுகிறவரும் உண்டு. ‘நாதஸ்வரம்’, ‘நாகஸ்வரம்’, ‘நாதசுரம்’, ‘நாகசுரம்’ நான்கும் ஒரே வாத்தியம். இதையெல்லாம் ஒன்று என்று புரிந்துகொள்கிற இயந்திரம் நமக்கு வேண்டும். 2000-க்கு முன்பின்னாகத் தமிழில் இணையத்தைத் தொட்டவர்களுக்குத் தெரியும், டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துருக் குறியீடு இருந்த காலம் அது. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் தேடினால் கிடைக்காது. எல்லோருக்கும் பொதுவான குறியீடாக யுனிகோடு வந்த பிறகுதான் தமிழில் தேடுவது என்பதே எல்லோருக்கும் சாத்தியமான காரியமாயிற்று.

ஆகவே இயந்திரம் புத்திசாலி ஆவதில் எனக்கு மனக்குறை இல்லை. 2019 அக்டோபரில் கூகுள் பெர்ட் என்ற மொழி மாதிரியை, அதாவது வாக்கியத்தின் பொருளைப் புரிந்துகொள்ளப் பழக்கிய நிரலை, தேடலில் சேர்த்தபோது, அவர்களே ஓர் எடுத்துக்காட்டுக் கொடுத்தார்கள். பிரேசில் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிறவருக்கு விசா வேண்டுமா என்று கேட்டால், பழைய முறை ‘க்கு’ என்ற பொருள் தருகிற அந்தச் சின்ன ஆங்கிலச் சொல்லைக் கவனிக்காமல், அமெரிக்காவிலிருந்து பிரேசிலுக்குப் போகிறவருக்கான விவரத்தைத் தந்ததாம். புது முறை அந்தச் சின்னச் சொல்லையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. நல்ல விஷயம்தானே? சின்னச் சொல்லில்தான் பல நேரம் முழு அர்த்தமும் இருக்கிறது.

ஆனால் அந்தச் சின்னச் சொல்தான் இன்றைக்குப் பல இடங்களில் முதலில் பலியாகிறது. புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் பூண்டு, வெங்காயம் சேர்க்க மாட்டோம். ‘பூண்டு இல்லாத காரக்குழம்பு’ என்று ஒரு சமையல் செயலியில் தேடினால் முதலில் வந்தது பூண்டுக் குழம்பு. இரண்டாவது, பூண்டு வெங்காயக் காரக்குழம்பு. ஒரு நாளைக்கு ஒரு சொல்லை விலக்க வேண்டும் என்று கேட்கிறேன். அந்தச் சொல்லையே முதன்மையாகப் பிடித்துக்கொண்டு தேடித் தருகிறது. ‘இல்லாத’ காற்றில் போய்விட்டது. விரதம் இருக்கிற வீட்டில் இது சின்ன எரிச்சல், அவ்வளவுதான். கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தையை வைத்திருக்கிற தாய் ‘வேர்க்கடலை இல்லாத’ என்று தேடும்போது இதே கதை நடந்தால்?

இது ஏன் நடக்கிறது என்று மெனக்கெட்டுப் படித்தேன். புது முறைத் தேடலில் சொற்களை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. ஒரு வாக்கியத்தை நூற்றுக்கணக்கான எண்கள் கொண்ட வரிசையாக மாற்றுகிறார்கள். ஒரு பெரிய மைதானத்தில் ஒரு புள்ளி வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருள் நெருங்கிய வாக்கியங்களின் புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் விழும். நீங்கள் தேடும்போது உங்கள் கேள்விக்கும் ஒரு புள்ளி வைத்து, அதற்கு அருகில் இருப்பவற்றை எடுத்துத் தருகிறார்கள். ‘பூண்டு உள்ள குழம்பு’, ‘பூண்டு இல்லாத குழம்பு’ இரண்டும் பேசுவது பூண்டையும் குழம்பையும் பற்றித்தான், அதனால் இரண்டு புள்ளியும் ஒட்டி ஒட்டி விழுகின்றன. மாடல் எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் இதே கதிதான். மனிதனுக்கு அது வேறு மிக்ஸி, மைதானத்தில் அது பக்கத்து வீடு.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. சொல்லடைவில் ஒரு சொல் இருக்கும், அல்லது இருக்காது. இல்லாவிட்டால் ‘இல்லை’ என்பது தானாகவே பதிலாகிவிடும். மைதானத்தில் அப்படி இல்லை. எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதற்கு ‘மிக அருகில் இருக்கும் புள்ளி’ என்று ஒன்று எப்போதும் இருக்கும். அது ஒரு முழம் தள்ளி இருந்தாலும் சரி, ஒரு மைல் தள்ளி இருந்தாலும் சரி, அதுதான் மிக அருகில். இவ்வளவு தூரத்துக்கு மேல் போனால் தராதே என்று யாராவது ஒரு கோடு கிழித்தால்தான் ‘இல்லை’ என்ற பதில் பிறக்கும். அந்தக் கோட்டைக் கிழிப்பதும் கிழிக்காமல் விடுவதும் கடைக்காரரின் விருப்பம். வெறும் பக்கத்தைக் காட்டினால் வாடிக்கையாளர் போய்விடுவார், எதையாவது காட்டினால் எதையாவது வாங்குவார் என்று கணக்குப் போடுகிறவர் ஏன் கோடு கிழிக்கப் போகிறார்?

இந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே கண்டு சொன்னவர்கள் வேறு யாரும் இல்லை, கூகுளைத் தொடங்கிய செர்கே பிரின்னும் லாரி பேஜும்தான். 1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்தபோது தங்கள் தேடுபொறியை விளக்கி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அதன் பின்னிணைப்பில், விளம்பரப் பணத்தில் ஓடும் தேடுபொறிகள் இயல்பாகவே விளம்பரக்காரர் பக்கம் சாய்ந்து, தேடுகிறவரின் தேவையிலிருந்து விலகிப் போகும் என்று எதிர்பார்ப்பதாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஓர் உதாரணமும் தந்தார்கள். அவர்களுடைய பொறியில் ‘செல்லுலார் போன்’ என்று தேடினால் மேலே வந்தது, வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசுவதன் ஆபத்தைப் பற்றிய ஓர் ஆய்வு. போன் விற்கிறவரிடம் பணம் வாங்கும் தேடுபொறி இப்படி ஒரு பக்கத்தை மேலே காட்டிவிட்டுத் தன் விளம்பரதாரருக்குப் பதில் சொல்லத் திண்டாடும் என்றார்கள். இரண்டே வருடத்தில், 2000 அக்டோபரில், ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் கூகுளும் விளம்பரம் விற்கத் தொடங்கியது. அந்தப் பின்னிணைப்பு இன்னும் இணையத்தில் இருக்கிறது. நான் வருடத்துக்கு ஒருமுறையாவது அதை எடுத்துப் படிப்பேன்.

கடைகளின் தேடலில் இது இன்னும் வெளிப்படை. 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் 17 மாநிலங்களும் சேர்ந்து அமேசான் மீது வழக்குத் தொடுத்தன. தேடல் முடிவுகளில் பொருத்தமில்லாத விளம்பரங்களை நிரப்பி, வாங்குகிறவர் தேடியதைக் கண்டுபிடிக்கவிடாமல் செய்கிறார்கள் என்பதும் அதில் ஒரு குற்றச்சாட்டு. தண்ணீர் பாட்டில் என்று தேடியவருக்கு மான் மூத்திரம் விளம்பரமாக வந்த சங்கதியும் அந்த மனுவில் இருக்கிறது. அங்கே வேட்டைக்காரர்கள் மானை ஈர்ப்பதற்காக அதை வாங்குவார்களாம். இது ஒரு தரப்பின் குற்றச்சாட்டுத்தான். அதில் நீதிமன்றம் என்ன முடிவு செய்தாலும் செய்யட்டும். தேடல் பெட்டியில் தினமும் விரல் வைக்கிற எவருக்கும் அந்தப் பத்தியைப் படித்தால் தன் அனுபவம் நினைவுக்கு வரும்.

சரி, தேடலாவது பரவாயில்லை. அங்கே நாம் வாயைத் திறந்து ஒரு சொல்லைச் சொல்கிறோம். பரிந்துரை என்று ஒன்று இருக்கிறதே, அது நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே இலையில் பரிமாறிவிடுகிறது.

என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. அவருடைய அப்பாவிடம் ஒரு கிராமபோன் இருந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் வாசித்த தோடி ராக இசைத்தட்டு அந்த வீட்டில் தேயத் தேய ஓடியதாம். ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் காலமாகிவிட்டார். நேரில் கேட்கும் வாய்ப்பு அம்மாவுக்குக் கிடைக்கவில்லை, தட்டில் கேட்ட அந்தத் தோடிதான் மனதில் இருக்கிறது. கண் பார்வை மங்கியதால் எழுத்து அடிக்க முடியாது என்று, குரலுக்குப் பாடும் ஒலிபெருக்கி ஒன்றை வாங்கி, பாட்டுச் செயலி ஒன்றுக்குச் சந்தாவும் கட்டிக் கொடுத்தேன்.

“டி.என். ராஜரத்தினம் பிள்ளை, தோடி” என்றார் அம்மா, ஒவ்வொரு சொல்லாக, தந்தி கொடுப்பது போல நிறுத்தி. ‘திருமண நாதஸ்வரம்’ என்ற தொகுப்பு ஓடியது. கெட்டிமேளம். “இதில்லம்மா, தோடி” என்று அதனிடமே சொன்னார். ஒலிபெருக்கியிடம்கூட ‘அம்மா’ போட்டுத்தான் அவர் பேசுவார். சினிமாப் பாட்டு ஒன்று வந்தது. நான் போய்ச் செயலியில் தேடினேன். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி அதில் இருந்தது! பட்டியலில் பத்தாவதோ பதினோராவதோ. அதைப் போட்டுக் கொடுத்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நாலு நிமிடமோ என்னவோ, தட்டின் அந்தப் பக்கம் முடிந்தது. முடிந்த மறுநொடி, மூச்சு விடக்கூட இடம் தராமல், இந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்குப் பிடித்தது என்று வேறு யாருடைய பாட்டோ தானாக ஓடத் தொடங்கியது. அம்மா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

பிறகு கோடை விடுமுறைக்கு என் தங்கை பையன் வந்து பத்து நாள் இருந்தான். அந்தப் பத்து நாளும் குழந்தைப் பாட்டுத்தான். அவன் ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்தும் செயலியைத் திறந்தால் அம்மாவுக்குக் குழந்தைப் பாட்டுகள் வந்து நின்றன. ஒவ்வொன்றாக அழுத்தி ‘இதில் விருப்பமில்லை’ என்று சொன்னேன். நாளைக்கு அதே பாட்டு வராது, அதன் அண்ணன் தம்பி வரும்.

‘விருப்பமில்லை’ என்று சொல்வதற்கு மதிப்பு என்ன என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2022-இல் மொசில்லா அறக்கட்டளை யூடியூப்பை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு செய்தது. 22,722 பேர் தங்கள் உலாவியில் நீட்சி என்கிற ஒரு சின்னத் துணை நிரலை நிறுவித் தரவு கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொன்ன பிறகும் அதே மாதிரி காணொளிகள் எவ்வளவு வருகின்றன என்று அளந்தார்கள். ‘விருப்பமில்லை’ என்ற பொத்தான் வேண்டாத பரிந்துரைகளில் 11 சதவீதத்தைத்தான் தடுத்தது. கட்டைவிரலைக் கீழே காட்டும் பொத்தான் 12 சதவீதம். பார்த்த வரலாற்றிலிருந்து நீக்கினால் 29. இந்தச் சேனலையே பரிந்துரைக்காதே என்று அழுத்தினால் 43. நான்கில் சிறந்ததை எடுத்துக்கொண்டாலும், பாதிக்கு மேல் வந்துகொண்டேதான் இருக்கிறது.

இது ஏதோ பழுது என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் யூடியூப்பின் பரிந்துரை எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பயனர் வாய்விட்டுச் சொல்லும் கருத்துக்கு வழிகள் இருந்தாலும், தங்கள் மாதிரியைப் பயிற்றுவிக்க அவர் என்ன பார்த்தார் என்பதையே எடுத்துக்கொள்வதாக அதில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு காணொளியை முழுதாகப் பார்த்து முடித்தால் அது ஒரு நல்ல அடையாளம். காரணமும் நியாயமானதுதான்: பொத்தானை அழுத்துகிறவர் மிகச் சிலர், பார்க்கிறவர் கோடிக்கணக்கானவர். செயலிலிருந்து விருப்பத்தை ஊகிப்பது கணக்குக்கு எளிது.

ஆனால் இதில் மனிதனுடைய சொல்லுக்கு இடமே இல்லாமல் போகிறது. விருந்துக்குப் போன வீட்டில் இலையில் வைத்ததைச் சாப்பிடுகிறேன் என்றால், கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் என்று ஆகுமா? “போதுங்க” என்று இலைக்கு மேலே கையை நீட்டி மறைக்கிறேன், விரலிடுக்கு வழியாகப் பாயசத்தை ஊற்றுகிறார்கள். ஊற்றியதை வீணாக்கக் கூடாது என்று குடித்தால், “பார்த்தீங்களா, பிடிச்சிருக்கு” என்று இன்னும் ஒரு கரண்டி. உறவுக்காரர் வீட்டில் அதில் ஒரு பாசம் இருக்கிறது. நாள் முழுக்க, ஆயுள் முழுக்க இதையே ஓர் இயந்திரம் செய்தால் அதை என்னவென்று சொல்வது? நான் வேண்டாம் என்று சொன்னதைவிட, அசதியில் தள்ளாமல் விட்ட முப்பது நொடி அதற்குப் பெரிய சாட்சியாகிவிடுகிறது.

நம் சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பது எப்படி என்று யாரும் யோசித்ததே இல்லை என்று சொல்ல முடியாது. அதை வாழ்நாள் வேலையாகச் செய்தவர் நம் சீர்காழிக்காரர். 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். லண்டன் போய் நூலகங்களைப் பார்த்து வந்தார். 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை எழுதினார். புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய புத்தகம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் வாசகர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. நூலகம் வளர்ந்துகொண்டிருக்கும் உயிர். உலகம் முழுக்க நூலக அறிவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிற விதிகள் இவை.

நான்காவது விதியை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. இன்றைய தளங்கள் எதைக் கொண்டு தங்கள் வெற்றியை அளக்கின்றன? பார்வை நேரம். வாசகர் எவ்வளவு நேரம் இங்கே இருந்தார் என்பது. 2012-இல் யூடியூப், சொடுக்கு எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பார்வை நேரத்துக்கு முன்னுரிமை கொடுக்கத் தொடங்கியது. ரங்கநாதன் மிச்சப்படுத்தச் சொன்னதும் இவர்கள் கூட்டப் பார்ப்பதும் ஒரே பொருள்தான். என்னுடைய நேரம்.

கல்லூரி நாட்களில் எங்கள் ஊர் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு நூலகர் இருந்தார். கொங்கு நாட்டுக் கிணறுகளைப் பற்றிப் புத்தகம் வேண்டும் என்று போய் நின்றேன். “கிணறுன்னா, வெட்டறதா? பாசனமா? கல்வெட்டா?” என்றார். பாசனம் என்றேன். “பழைய காலமா, இப்பவா?” பழைய காலம். கொஞ்ச நேரம் யோசித்தார். “கிணத்துக்குன்னு தனியா புஸ்தகம் இங்க இல்ல தம்பி. மாவட்ட விவரச் சுவடி ஒண்ணு இருக்கு, அதுல பாசனம்னு ஒரு அத்தியாயம் வரும், பாரு” என்று எண்ணை எழுதிக் கொடுத்தார். கேட்டது இல்லை என்று முதலில் சொன்னார். பிறகுதான் வேறொன்றைக் கொடுத்தார். அந்த வரிசைதான் முக்கியம். இது நீ கேட்டது அல்ல, இது வேறு, வேண்டுமானால் பார் என்று சொல்லிக் கொடுத்தால் அது உதவி. சொல்லாமல் கையில் திணித்தால் ஏமாற்று.

இதைச் செய்ய இயந்திரத்தால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். கூகுள் தேடலில் சில நேரம் ஒரு முடிவுக்குக் கீழே, நீங்கள் கொடுத்த சொற்களில் எது அந்தப் பக்கத்தில் இல்லை என்று குறுக்கே கோடு போட்டுக் காட்டும். பக்கத்திலேயே, இந்தச் சொல் கட்டாயம் வேண்டும் என்று அழுத்த ஓர் இணைப்பும் இருக்கும். சின்ன எழுத்துத்தான், ஆனால் நேர்மையான எழுத்து. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பகுதியை எழுதிய ஆளுக்கு மனதுக்குள் நன்றி சொல்வேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, 2023 ஆகஸ்ட் முதல், மிகப் பெரிய தளங்கள் ஆளின் பழக்கங்களைக் கொண்டு கணிக்காத ஒரு பரிந்துரை முறையையாவது தேர்ந்தெடுக்க வழி தர வேண்டும். சட்டம் போட்டதும் அவர்களால் முடிந்துவிட்டது பாருங்கள்.

நம் நாட்டிலும் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையத்தில் வாங்குகிறவரை ஏய்க்கும் 13 வகை உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. விளம்பரத்தை விளம்பரம் என்று தெரியாமல் மறைப்பதும் அதில் ஒன்று. ஒன்றைக் காட்டி வேறொன்றைத் தருவதும் ஒன்று. பதினான்காவதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்லி எழுதலாம் என்று இருக்கிறேன். தேடியது கையிருப்பில் இல்லை என்றால், முதல் வரியில் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும். அதற்குக் கீழே எட்டுப் பல் கப்ளரோ புது மிக்ஸியோ எதை வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளட்டும். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால், நானாக மாற்றும் வரை வேண்டாம் என்றே இருக்க வேண்டும். கழித்தல் குறி போட்டால் கழிய வேண்டும். நான் கேட்பது புதிதாக எதுவும் இல்லை, முப்பது வருடத்துக்கு முன்னால் வேலை செய்ததுதான்.

அம்மாவின் சந்தாவைப் போன வாரம் நிறுத்திவிட்டேன். மாமாவிடம் பழைய ஒலிநாடாக்களிலிருந்து மாற்றிய பாட்டுகள் இருந்தன. அதில் தோடியை மட்டும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அதைச் செருகிக் கேட்கிற மாதிரி ஒரு சின்ன ரேடியோ வாங்கினேன். பெரிய பொத்தான், தடவினாலே கைக்குத் தட்டுப்படும். அம்மா திண்ணையில் உட்கார்ந்து அழுத்தினார். ஒலிநாடாவின் இரைச்சலோடு நாகஸ்வரம் எழுந்தது. முடிந்தது. ரேடியோ நின்றது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை, தெருவில் தண்ணீர் லாரி போகிற சத்தம்தான் கேட்டது. அம்மா கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு கையை நீட்டி, பொத்தானைத் தடவிப் பார்த்து, மறுபடியும் அதையே அழுத்தினார்.